குட்டியோடு வந்த பெரிய மீன்

என் தம்பி தோட்டா போடக் கற்றுக்கொண்டது சாயல்குடிப் பக்கம் கிணறு வெட்டப் போன இடத்தில். பாறையில் துளை போட்டு, வெடிமருந்துத் தோட்டாவைச் செருகி, திரியைக் கொளுத்திவிட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடை முழுக்க அந்த வேலை பார்த்தவன், ஊருக்குத் திரும்பும்போது ஒரு சாக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வலைகளைப் போட்டுவைக்க ஒரு கொட்டகை இருந்தது. பையை அதன் முகட்டில் கட்டித் தொங்கவிட்டு, இதை யாரும் அடுப்புப் பக்கம் கொண்டுபோய்விடாதீர்கள் என்று மட்டும் சொன்னான்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய வத்தை என் பொறுப்புக்கு வந்திருந்தது. வத்தை என்பது எங்கள் பக்கத்துப் பாய்மரப் படகு. தம்பிக்கென்று சின்னதாக ஒரு வள்ளம் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது இளையவன், அண்ணன் என்பதால் என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். நல்ல உடம்புக்காரன், எங்கள் கரையில் அவனை நீந்தி முந்த ஆளில்லை. எப்போதும் சிரித்த முகமாக இருப்பான். வலையை இழுத்து, மீனைக் கழற்றி, கிழிந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுகிற பொறுமை மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை.

அவன் முதல் தடவை தோட்டா போட்ட அன்று நானும் கடலில்தான் இருந்தேன். சாளைக் கூட்டம் ஒன்று தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு போனது. அவன் திரியைப் பீடி நெருப்பில் காட்டி எறிந்தான். சத்தம் பெரிதாக இல்லை. தண்ணீருக்கு அடியில் யாரோ கதவை அறைந்து சாத்தியது போல ஒரு அடி. பிறகு கடல் ஒரு கொதி கொதித்து அடங்கியது. வெள்ளை வெள்ளையாக மீன் மிதந்தது. கூடையில் அள்ளுவதற்கு வலையே தேவைப்படவில்லை.

என் மனைவி அந்த மீனை ஆய உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டாள். முள்ளெல்லாம் உள்ளேயே நொறுங்கிக் கிடந்தது. சதை கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இனி இந்த மீன் இந்த வீட்டு அடுப்பில் ஏறாது என்று தம்பியிடமே சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். சங்கு குளிக்கிற கூட்டாளி ஒருவர் எங்களுக்கு இருந்தார். தோட்டா போட்ட இடத்தில் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்து, மேலே மிதந்ததைவிடக் கீழே கிடப்பதுதான் அதிகம் என்றார். பாரில் கல்லெல்லாம் உடைந்து மாவாகிக் கிடக்கிறது என்றும் சொன்னார். பார் என்று நாங்கள் சொல்வது கடலுக்கடியில் பவளக்கல் வளர்ந்து நிற்கிற இடத்தை. மீன் குஞ்சு பொரிப்பது அங்கேதான்.

அந்த வருடம் பக்கத்துக் குப்பங்களிலும் தோட்டா பரவியது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், மேகமில்லாத வானத்தில் தெற்கே அந்த அடி கேட்கும். கிணற்றடியில் பாத்திரம் துலக்குகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் தெற்கே பார்ப்பார்கள். யாருடைய கை போகப் போகிறதோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

மாசி மாதம் பௌர்ணமியை ஒட்டித்தான் அவை வந்தன.

எங்கள் கரையில் நின்றால் தெற்கே தீவுகள் வரிசையாகத் தெரியும். தீவுகளுக்கு அப்பால் ஆழ்கடல். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே இருப்பது ஆழமில்லாத கடல். பல இடங்களில் அடி மணலும் பாசியும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு தீவுகளுக்கு இடையில் ஒரு பள்ளம் உண்டு. அதை வாய் என்போம். எங்கள் வத்தைகள் வெளிக்கடலுக்குப் போவதும் வருவதும் அந்த வாய் வழியாகத்தான். நீர் ஏறியிருந்த அந்தக் காலை, வாய்க்கு உள்பக்கமாக ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது ஆள் உயரத்துக்கு மேல் ஆவி எழும்பி நின்றது. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு முதுகு, எங்கள் வத்தையைவிட நீளம். அது அடங்குமுன் அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்ன மூச்சு.

திமிங்கிலத்தை நாங்கள் பெரிய மீன் என்றுதான் சொல்வோம். வெளிக்கடலில் தூரத்தில் பார்த்திருக்கிறோம். உள்ளே, இத்தனை கிட்டத்தில், அதுவும் குட்டியோடு யாரும் பார்த்ததில்லை. குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே போய்ப் போய் வந்தது. பால் குடிக்கிறது என்று கூட்டாளி சொன்னார். வத்தையில் இருந்த எல்லோரும் துடுப்பை உள்ளே எடுத்துக்கொண்டோம்.

மத்தியானத்துக்குள் ஊரே கரையில் நின்றது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தென்னந்தோப்பு ஓரமாக நின்று பார்த்தார்கள். மறுநாள் காலைப் பஸ்ஸில் வெளியூரிலிருந்து ஓர் எண்ணெய் வியாபாரி வந்து சேர்ந்தார். படகுப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெய் வாங்கி விற்பவர். டீக்கடை பெஞ்சில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நீர் வற்றினால் அது தரை தட்டிவிடும், தட்டும்வரை இங்கேயே இருக்கிறேன், பிறகு எண்ணெய்க்குப் பீப்பாய் வரவழைத்துக்கொள்ளலாம் என்றார். மரியாதையாகப் பேசுகிற, யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். ஆனால் அவர் வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அந்தக் கடையில் டீ இறங்கவில்லை.

சில பேர் தம்பியை உசுப்பிவிட்டார்கள். ஒரு தோட்டாவைக் குட்டிக்குப் பக்கத்தில் போட்டால் போதும், தாய் தன்னால் கரைக்கு வரும் என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர் ஜமாஅத் கூடியது. தலைவர் சுருக்கமாகப் பேசுகிறவர். “அது இங்கன இருக்க மட்டும் யாரும் தோட்டா எடுக்கப்புடாது. குட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாய் வத்தையை விடாது. ஆளு போயிரும். நீயும்தான், கேட்டுக்க” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பி தலையாட்டினான். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டான். திமிங்கிலத்தைக் காக்க அன்றைக்கு ஏதாவது சட்டம் இருந்ததா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இந்தப் பேச்சுதான் எங்களிடம் இருந்த சட்டம்.

இரண்டு மூன்று நாள் அது நின்றது. நாங்கள் வலையைக் கரைப்பக்கமாகவே விட்டோம். தாய் வாய்ப்பக்கம் போகும், குட்டி பின்தங்கும், தாய் திரும்பி வரும். இன்னும் கொஞ்சம் பலம் வந்தால் வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பிறகு ஒரு காலை, விடிந்து சூரியன் தீவுக்கு மேலே வந்த நேரம். நான் வலைக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அடி முதலில் காதில் கேட்கவில்லை. பலகை வழியாகப் பாதத்தில் ஏறியது. தண்ணீர் உறைந்தது போல ஒரு கணம் நின்றது. மேற்கே தம்பியின் வள்ளம் தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சாளை. கிழக்கே, இத்தனை தூரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்லியிருக்கக்கூடிய தூரத்தில், அந்தக் குட்டி பக்கவாட்டாகச் சாய்ந்து மேலே வந்தது.

அதன் மூச்சு ஒழுங்காக இல்லை. மூழ்கப் பார்த்தது, முடியவில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி வட்டம் போட்டது. தாய் ஒரு தடவை வேகமாக எங்கள் பக்கம் வந்தது. வத்தைக்கு அடியில் அதன் நிழல் போனபோது நாங்கள் நாலு பேரும் உதட்டுக்குள்ளேயே கலிமா சொன்னோம். அது எங்களை ஒன்றும் செய்யவில்லை. திரும்பிப் போய்க் குட்டிக்கு அடியில் முதுகைக் கொடுத்துத் தூக்கியது.

கரைக்கு வந்ததும் தம்பியைத் தேடினேன். வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான். கூடையில் மீன் அப்படியே இருந்தது. ஒரு மீனைக்கூட அவன் விற்கவில்லை.

“தூரத்துல கெடக்குன்னு நெனச்சேன் காக்கா” என்றான்.

அவனை அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு கை எழவில்லை. காதுக்குள் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீரில் கை வைத்திருந்தபோது அந்தத் தாய் கத்தியது தன் கைவழியே ஏறியது என்று சொன்னான். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்கவில்லை. அவன் சொன்னதை நம்பினேன்.

குட்டி மறுநாள் சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது. அந்த நாள் முழுக்கத் தாய் அதை முதுகில் ஏந்தி ஏந்தி மேலே காட்டியது. கடைத்தெருவில் பேச்சு குறைந்துபோனது. கடலில் வேறு ஒரு மீனும் இல்லை. வலை வெறுமையாக வந்தது. தென்னந்தோப்பில் எந்நேரமும் காகம் இருக்கும். அன்று அவை கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. எண்ணெய் வியாபாரி டீக்கடையிலிருந்து, இன்னும் சாகவில்லையா என்று போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

குட்டி செத்த பிறகும் தாய் அதைத் தூக்குவதை நிறுத்தவில்லை. அதுதான் எங்களைப் பயப்படுத்தியது. தீவுகளுக்கு நடுவே வாய் திறந்துதான் கிடந்தது. நினைத்தால் அது ஒரு பாய்ச்சலில் வெளிக்கடலுக்குப் போய்விடலாம். போகவில்லை. பௌர்ணமி கழிந்து நீரேற்றம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. நீர் வற்றுகிற நேரங்களில் அதன் வயிறு மணலைத் தொட்டு அடி கலங்கியது. மணலில் உரசிய இடத்தில் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்ததைக் கூட்டாளி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குட்டியின் உடம்பு ஊதி மிதக்கத் தொடங்கியது. அந்த நாற்றத்துக்கு வாய் வழியாகச் சுறா உள்ளே வந்தது. இரண்டு நாளில் தாயும் தரை தட்டிவிடும் என்று வயதானவர்கள் கணக்குச் சொன்னார்கள். வியாபாரியின் பீப்பாய்கள் ஒரு மாட்டுவண்டியில் வந்து இறங்கின.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவிதான் அதைச் சொன்னாள். தம்பி எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“புள்ளையை அங்கன போட்டுட்டு எப்படிங்க போகும்? புள்ளையை நீங்க வெளிய கொண்டு போனா, அது பின்னாலயே வராதா?”

செத்த குட்டியைக் கட்டி இழுக்க வேண்டுமென்றால் யாராவது தண்ணீரில் இறங்கி வாலில் கயிறு கட்ட வேண்டும். பக்கத்தில் தாய் இருக்கும். சுற்றிலும் சுறா. தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து, “நான் எறங்குறேன் காக்கா. நீ பாயைப் பாத்துக்க” என்றான்.

மறுநாள் சுபுஹு முடிந்ததும் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று நன்றாக இருந்தது. என் வத்தையும் ஜமாஅத் தலைவருடைய வத்தையும் போயின. தலைவரே தன் வத்தையின் சுக்கானைப் பிடித்தார். என் வத்தையில் சங்கு குளிக்கிற கூட்டாளியும் வந்தார். தேங்காய் நார்க்கயிற்றை இரண்டு புரியாக முறுக்கிக் கொண்டுபோயிருந்தோம். கிட்டே போகப் போக நாற்றம் மூக்கில் ஏறியது. தாய் குட்டிக்கு அப்பால் அசையாமல் கிடந்தது. மூச்சு விடுகிறபோது மட்டும் அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது.

தம்பி கயிற்று முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினான். கூட்டாளி ஈட்டியோடு கூடவே இறங்கிச் சுறாவைப் பார்த்துக்கொண்டார். தம்பி நீந்திக் குட்டியின் வால் பக்கம் போனான். ஒரு சுற்று சுற்றினான். இரண்டாவது சுற்றுக்கு மூழ்கியபோது தாய் நகர்ந்தது. மெதுவாக, தலையைத் திருப்பிக்கொண்டு, அவன் மூழ்கிய இடத்துக்கே வந்தது. நான் என் வத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கடல் மேலே அந்தத் தலை மட்டும் தெரிந்தது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கண்.

தம்பி அதன் கண்ணுக்கு ஒரு கை தூரத்தில் மேலே வந்தான். அப்படியே நின்றான். அவனும் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. பிறகு அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மூழ்கி, முடிச்சை இறுக்கினான். வத்தைக்குள் ஏறியபோது பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. மாசிக் காலைத் தண்ணீர் அவ்வளவு குளிர்வதில்லை.

பாயை விரித்தோம். கயிறு விறைத்தது. முதலில் ஒன்றும் நகரவில்லை. அடுத்த வத்தையும் சேர்ந்து இழுத்தபோது அந்த உடம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாய் இருந்த இடத்திலேயே கிடந்தது. வராது போலிருக்கிறது என்று தலைவர் அந்த வத்தையிலிருந்து சொன்னார். அவர் சொல்லி முடிக்குமுன் எங்களுக்குப் பின்னால் ஆவி எழும்பியது.

வாய் வரைக்கும் அது கூடவே வந்தது. சில நேரம் மூக்கால் குட்டியைத் தள்ளியது. அப்போது எங்கள் கயிறு தளர்ந்து தொங்கும். சில நேரம் அதைப் பிடித்து நிறுத்துவது போலக் குறுக்கே வந்தது. அப்போது வத்தையின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும். கயிற்றை வெட்ட அரிவாளோடு கூட்டாளி தயாராக நின்றார். வாயில் இரண்டு பக்கமும் பார் வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நடுப்பள்ளத்தை விட்டு ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த அகலம், விலகினாலும் எல்லாம் முடிந்துபோகும். தம்பி சுக்கானில் என் கையோடு தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

தண்ணீர் பச்சையிலிருந்து கருநீலமாக மாறியது. அதற்கப்பாலும் கரைக்காற்று விடும்வரை இழுத்துக்கொண்டு போனோம். பிறகு தலைவர் கையைக் காட்டினார். தம்பியே கயிற்றை வெட்டினான். குட்டி ஒரு பக்கமாகப் புரண்டு நீரோட்டத்தில் கிழக்கே போனது. தாயும் அதன் கூடவே போனது. நாங்கள் பாயைச் சுருட்டிவிட்டு, அதன் மூச்சு கண்ணுக்கு எட்டாத தூரம் போகும்வரை அங்கேயே ஆடிக்கொண்டு கிடந்தோம்.

கரையில் ஜனங்கள் சந்தோஷமாக இருந்தார்கள். வியாபாரி பீப்பாய்களைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, பரவாயில்லை, இது போனால் இன்னொன்று வரும் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அந்தச் சொல் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

தம்பி கொட்டகையில் மிச்சமிருந்த தோட்டாக்களை என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடினான். கடலில் போட அவனுக்கு மனமில்லை. கடைசியில் கூட்டாளியும் அவனும் ஊருக்கு வெளியே பொட்டலில் ஆழமாகக் குழி வெட்டி, தண்ணீரை ஊற்றிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் வலைதான் போட்டான். ஆனால் ஒரு காது அவனுக்குச் சரியாகக் கேட்காமலே போனது. கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பான்.

அடுத்த வருடம் அதே மாசியில், வாய்க்கு வெளியே ஒரு பெரிய மீன் ஆவி விடுவதாகச் செய்தி வந்தது. அதுவேதானா என்று யாரால் சொல்ல முடியும்? தம்பி சோறுகூடத் தின்னாமல் புறப்பட்டான், நானும் போனேன். வாய்க்குள் வெளிக்குப்பத்து வத்தை ஒன்று நின்றது. அதில் ஒருவன் கையில் பீடி புகைந்தது. மடியில் என்ன வைத்திருந்தான் என்று கேட்க வேண்டியதில்லை. தம்பி எங்கள் வத்தையை அவர்களுக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தினான்.

“இது என்ன ஒன் வாப்பா வீட்டுக் கடலா, லே?” என்றான் அந்த ஆள்.

“இல்ல. யார் வீட்டுக் கடலும் இல்ல. நானும் போட்டவன்தான், அதான் சொல்லுறேன். இன்னைக்கி இங்கன போடாத.”

அந்த ஆள் பீடியை இழுத்துக்கொண்டே எங்களைப் பார்த்தான். வத்தையில் இருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். அவர்கள் எங்களைவிட அதிகம் பேர். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு வத்தையும் பலகையோடு பலகை உரச ஆடிக்கொண்டிருந்தன. பிறகு அவன் எச்சிலைத் தண்ணீரில் துப்பிவிட்டு, பாயைத் திருப்பச் சொன்னான். போகும்போது, நாளைக்கும் வந்து நிற்பாயா, நாளை மறுநாளும் நிற்பாயா என்று கேட்டுக்கொண்டே போனான்.

தம்பி நின்றான். அந்த மாதம் முழுக்க விடியற்காலையில் வாயில் தன் வள்ளத்தை நிறுத்தினான். சில நாள் நானும் நின்றேன். என் வலைக்கு நான் போக வேண்டியிருந்தது. அவன் நின்ற இடத்தில் யாரும் போடவில்லை. மேற்கே போட்டார்கள், கிழக்கே போட்டார்கள். அந்த அடி தண்ணீருக்குள் எத்தனை தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய மீன் உள்ளே வரவில்லை. சில நாள் வெளியே ஆவி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஆழ்கடலுக்குப் போய்விட்டது போலிருக்கிறது, இனி வராதோ என்று அவனிடம் கேட்டேன். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான்.

“வர வேண்டாம் காக்கா” என்றான். “இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

அப்புறம் குனிந்து, வத்தைக்குள் கசிந்திருந்த தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினான்.